கிளைவின் நைட் ஷிப்ட்

நோரீனுக்கு நாலு மாதம் ஜெயில் என்று தீர்ப்பாகியிருந்தது. புருஷன் விட்டுப் போய்விட்டான், தனியாக இருக்கிறேன் என்று சொல்லி அரசாங்க உதவித்தொகை வாங்கிய குற்றம். அந்தப் புருஷன் கிளைவ், அப்பீல் கோர்ட் வராந்தாவில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் கட்டிக்கொண்டு வந்த சீஸ் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தான்.

ராத்திரியில் அவன் வேறு எங்கோ தூங்குகிறான் என்று யாராவது ஒருத்தர் சொன்னால் போதும், தப்பித்துவிடலாம் என்றார் வக்கீல் ஹார்க்ரீவ்ஸ்.

"அவருக்கு ஏது தூக்கம்? கார் ஷெட்டுல நைட் ஷிப்ட் காவல், பாவம்" என்றாள் நோரீன்.

"வேலை முடிஞ்சு உங்க வீட்டுக்குத்தானே வராரு? அதுக்குப் பேரு குடித்தனம்மா. உள்ள போய் நைட் ஷிப்டுன்னு வாயத் திறக்காதீங்க."

கறுப்பு அங்கி போட்ட கோர்ட் சிப்பந்தி அம்மாள் வழக்கைக் கூப்பிட வந்தாள். வழக்கமான ஆள் லீவாம். கிளைவ் சட்டென்று பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டான். அங்கியைப் பார்த்தே நடுங்குகிறானே என்று நோரீன் அவன் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

முதல் சாட்சி கிளைவின் அண்ணன் கோர்டன். தம்பி தன் வீட்டில்தான் தூங்குகிறான் என்று அடித்துச் சொன்னான். விலாசம் கேட்டதும் தான் குடியிருக்கும் ஸ்பெயின் விலாசத்தைச் சொல்லித் தொலைத்தான்.

அடுத்து, பக்கத்து வீட்டு பாலீன். கிளைவைப் பார்த்ததே இல்லை என்று சொல்லத்தான் அவளைக் கூட்டி வந்திருந்தார்கள்.

"அப்படி ஒரு புருஷன் கெடைக்க குடுத்து வச்சிருக்கணும். செவ்வாக்கெழமையானா குப்பைத்தொட்டிய அவருதான் வெளிய தள்ளி வைப்பாரு" என்றாள் பாலீன்.

நோரீனுக்குப் பெருமையாக இருந்தது. வக்கீல் தலையில் கை வைத்ததைப் பார்த்த பிறகுதான் ஜெயில் ஞாபகம் வந்தது.

"கிளைவ் ஆஷ்வொர்த்" என்று கூப்பிட்டபோது சிப்பந்தியின் குரல் கொஞ்சம் தடுமாறியது.

கூண்டில் ஏறியவனிடம், அவன் தூங்கும் படுக்கையறைத் திரைச்சீலை என்ன நிறம் என்று அரசு வக்கீல் கேட்டார்.

"பச்சை" என்றான் கிளைவ்.

நோரீன் வீட்டில் மஞ்சள். தனக்காக எவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறான் என்று அவளுக்குக் கண் கலங்கியது. நீதிபதிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சிப்பந்தி மேஜையெல்லாம் கொட்டினாள்.

"அப்ப ராத்திரி எங்கதான் தூங்குறீங்க?" என்றார் நீதிபதி.

கிளைவ் தரையைப் பார்த்தான். அவன் முழிப்பதைப் பார்க்க நோரீனுக்குப் பொறுக்கவில்லை. அவனையும் பொய்ச்சாட்சி என்று பிடித்து உள்ளே தள்ளிவிட்டால்? வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல் எழுந்துவிட்டாள்.

"ஐயா, நான்தான் பொய் சொன்னேன். அவர் என்னை விட்டுட்டு எங்கயும் போகல. ராத்திரி மட்டும் இருக்க மாட்டாரு, நைட் ஷிப்ட். என்னை ஜெயில்ல போடுங்க, அவரை விட்டுடுங்க."

சிப்பந்தி தண்ணீர் ஜாடியைக் கீழே வைத்தாள்.

"நைட் ஷிப்டா? டே ஷிப்டுன்னுல்ல சொல்லிட்டு தினம் காலைல எங்க வீட்லேர்ந்து கெளம்புறாரு."