கக்கூஸ் சீர்திருத்தவாதி

வீட்டில் எது உடைந்தாலும், எது ஒழுகினாலும், எது ஆடினாலும், கொத்தனாரைக் கூப்பிடாமல், தச்சரைக் கூப்பிடாமல், கண்ணில் ஒரு பிரகாசத்தோடு, "இதுக்கு என்னத்துக்கு ஆளு? நானே பாத்துக்கிடுதேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டுகிற ஓர் இனம் உண்டு. தெருவுக்கு ஒருவர் நிச்சயம். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அவர் வீட்டுச் சன்னல் மூடாது, அலமாரி திறக்காது, நாற்காலியில் விருந்தாளி உட்காரப் போனால் வீட்டுக் குழந்தைகள் பயத்தோடு எழுந்து நிற்பார்கள். கேட்டால், எல்லாம் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டவை என்பார்.

தூத்துக்குடியில் அப்படி ஒருவர் தனராஜ். நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் பஞ்சுப் பொதிகளை எண்ணிக் குறிக்கிற குமாஸ்தா. ஊர் அவரைக் குமாஸ்தா என்று நினைத்தது. அவரோ, பிறந்ததே இன்ஜினீயராக, காலம்தான் தன்னைக் கவனிக்கவில்லை என்று நம்பி வந்தார்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அவர் மகள் கிரேசி தலைப்பிரசவத்துக்குச் சாத்தான்குளத்திலிருந்து பிறந்த வீட்டுக்கு வருவதாக இருந்தது. சம்பந்தியம்மாள் அற்புதமணி தானே கொண்டுவந்து விட்டு, இரண்டு நாள் தங்கி, வீடு எப்படி என்று பார்த்துவிட்டுப் போவதாகக் கடிதம். தனராஜின் மனைவி கிருபாபாய் அதைப் படித்ததும் சந்தோஷத்தில் அழுதாள். அழுது முடித்துப் புறவாசலைப் பார்த்தாள். அங்கே நின்றது கக்கூஸ்.

அதன் யோக்கியதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கதவின் அடிப்பலகை உளுத்து, நாய் நுழையும் அளவுக்கு இடைவெளி. தாழ்ப்பாள் போன இடம் தெரியவில்லை. அதனால் உள்ளே போகிறவர் வெளியே வருகிறவரைக்கும் இருமிக்கொண்டே இருக்க வேண்டும். தனராஜ் மட்டும் கீர்த்தனை பாடுவார். கால் வைக்கிற கல்லில் ஒன்று ஆடும். நிறைமாதப் பெண் அந்தக் கல்லில் ஏறலாமா?

"நம்ம மந்திரமூர்த்தியைக் கூப்பிட்டா ரெண்டே நாள்ல முடிச்சிருவாரு. பிள்ளைத்தாச்சி வாரா, விளையாட்டு இல்ல" என்றாள் கிருபாபாய். மந்திரமூர்த்தி அடுத்த வீட்டுத் தச்சர். கையில் வேலை சுத்தம்.

"ஏளா, அவன் புதுக் கதவும்பான், புதுச் சட்டம்பான். இருக்கிறதை வச்சே அரண்மனை மாதிரி ஆக்கிக் காட்டுதேன். நானே பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டார். ஆடுகிற கல்லுக்கு அடியில் செங்கல் வைத்தார். ஆட்டம் நின்றது, ஆனால் ஒரு கல் மற்றதைவிட அரைச் சாண் உயர்ந்துவிட்டது. "மத்ததையும் உயத்திட்டாப் போச்சு" என்று உயர்த்தினார்; இப்போது உட்கார்ந்தால் தலை சன்னலுக்கு வெளியே தெரிந்தது. சன்னலுக்குப் பனையோலைப் பாய் கட்டினார், உள்ளே இருட்டிவிட்டது. இருட்டைப் போக்கச் சிப்பிச் சுண்ணாம்பில் நீலம் கலந்து சுவரெல்லாம் பூசினார். நீலம் கை தாண்டிப் போய்விட்டதால் கக்கூஸ் நடுக்கடல் நிறத்துக்கு வந்தது. தாழ்ப்பாள்? பழைய கப்பல் சாமான் ஏலத்தில் எடுத்த பித்தளைத் தாழ்ப்பாள், வீட்டிலேயே விலை உயர்ந்த சாமான் அதுதான். ஒரு புயலுக்கே அசையாது. கிருபாபாய்க்கும் அசையவில்லை; இரண்டு முறை உள்ளே மாட்டிக்கொண்டு கூப்பாடு போட்டாள்.

இத்தனை சீர்திருத்தத்திலும், தினமும் காலையில் மலவாளி எடுக்க வருகிற நகரசபை ஊழியர் செல்லத்தாய் குனிந்து கை நீட்டுகிற பின்பக்கத் தகரக் கதவு மட்டும் அவர் கண்ணில் படவில்லை. அது துருப்பிடித்து அவள் கையைக் கீறிக்கொண்டே இருந்தது.

கதவின் உளுத்த பலகை பாக்கி. விருந்தாளிகள் வர மூன்று நாள் இருந்தது. கடற்கரையில் நின்றுகொண்டிருந்த தனராஜின் கண்ணில், கரையேற்றிய தோணிக்கு எண்ணெய் பூசுகிறவர்கள் பட்டார்கள். சுறா எண்ணெயில் குங்கிலியத்தைப் போட்டுக் காய்ச்சிப் பலகைக்குப் பூசுவது அங்கே வழக்கம். பூசினால் உப்புத் தண்ணீரும் பலகையைத் தொடாது. தனராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொழும்பு வரைக்கும் போய்வருகிற தோணிக்கே காவல் என்றால், புறவாசல் வரைக்கும் போய்வருகிற கதவுக்கு?

அந்த எண்ணெயில் ஒரு சட்டி வாங்கிவந்து, கதவு, சட்டம், கூரைக் கம்பு, எதையும் விடாமல் இரண்டு கோட்டுப் பூசினார். நடுக்கடலில் காற்று உண்டு, அலை உண்டு. நாலு சுவருக்குள் என்ன உண்டு? வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறியது. மத்தியானத்துக்குள் தெருப் பூனைகள் அத்தனையும் புறவாசலில் கூடிக் கதவை நக்கத் தொடங்கின. மறுநாள் காலையில் வந்த செல்லத்தாய், அந்தத் தொழிலில் இருபது வருஷம் இருந்தவள், முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"ஐயா, இது முந்தி நல்லாத்தானே இருந்துச்சு. என்ன செஞ்சு தொலைச்சிய?"

"காய்ஞ்சா சரியாயிரும்" என்றார் தனராஜ்.

காயவில்லை. கிரேசி வந்தாள். பஸ்ஸில் குலுங்கி வந்தவள் நேரே புறவாசலுக்குப் போனாள், கதவைத் தொட்டாள், கை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. அடுத்த நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தாள். சாயங்காலம் வரை வாந்தி நிற்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் தண்ணீரும் தங்கவில்லை.

கூட வந்த சம்பந்தியம்மாள் அற்புதமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். மகராசி ஒரே ஒரு தடவை மூக்கைச் சுளித்தாள்.

"மயினி, கோவிச்சுக்கிடாதிய. பிள்ளை வாடிப்போச்சு. நான் திரும்பக் கூட்டிட்டுப் போறேன். பேறுகாலம் அங்கனயே பாத்துக்கிடலாம்."

தலைப்பிரசவம் மாமியார் வீட்டிலா? தெருவே பேசும். கிருபாபாய் கெஞ்சுவாள் என்று தனராஜ் எதிர்பார்த்தார். அவள் கெஞ்சவில்லை. உள்ளே போய்த் தகரப் பெட்டியில் நாலு சேலையை அடுக்கினாள்.

"நீ எங்களா போற?"

"எம்மக பிள்ளை பெறுத இடத்துக்கு. நீங்க இங்கன இருந்து உங்க அரண்மனையைப் பாத்துக்கிடுங்க."

மூன்று பெண்களும் பஸ் ஏறிவிட்டார்கள். தனராஜ் புறவாசலில் தனியாக நின்றார். பேரப்பிள்ளையை முதலில் கையில் வாங்குவது தான்தான் என்று ஆபீஸ் முழுவதும் சொல்லிவைத்திருந்த மனுஷன். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். உண்மையான கண்ணீர்தான், இந்த இனத்துக்கும் மனசு உண்டு.

மந்திரமூர்த்தி சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "அண்ணாச்சி, பழைய கதவைக் கழத்தி எறிஞ்சிருவோம். நாளைக்கே புதுசு போட்டுத் தாரேன். காசு கூட வேண்டாம். மவளைப் போய்க் கூட்டிட்டு வாங்க."

தனராஜ் வாயைத் திறந்தார். சரி என்று சொல்லத்தான் திறந்தார். அதற்குள் கை தானாகவே கதவை ஒரு தடவு தடவியது. கண்ணில் அந்தப் பிரகாசம் வந்துவிட்டது.

"இரு மந்திரமூர்த்தி. மேல ஒரு கோட்டு வேப்பெண்ணெய் பூசிட்டா?"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: இதைப் படித்து வரும்போதே, 'அட, எண்ணெயை இன்னும் ஒரு கொதி விட்டிருக்கலாமே, சாம்பலைப் போட்டுத் தேய்த்தால் போய்விடுமே' என்று உங்களுக்குள் ஒரு யோசனை ஓடியதா இல்லையா? ஓடியிருந்தால், மெதுவாக எழுந்து போய், உங்கள் வீட்டம்மாள் தகரப் பெட்டியை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.