பேச்சிக்கனியின் இருமல் முதல் கட்டைக்கு வந்த கதை

ஒரு காட்டில் சொரிமுத்து என்றொரு மரங்கொத்தி இருந்தார். அவர் தன் மனைவி பேச்சிக்கனியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் பட்டுப்போன பலா மரத்தின் மேல் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள். எதிர்க் கிளையில் அவர் மைக்கோடு காத்திருந்தார். அவள் ஒரு தடவை இருமிவிட்டு, "இதையும் புடிச்சி வச்சிராதிய" என்றாள்.

அவர் அதையும் பிடித்து வைத்துவிட்டார்.

அதன்பின் பொந்துப் பலாவை ஒரு கொத்து, காய்ந்த மூங்கிலை ஒரு கொத்து, கரையான் புற்றை ஒரு தட்டு என்று ஒவ்வொன்றாகச் சத்தம் கொடுத்தாள். "சாப்பிட்டுட்டு வந்து முழுசா வாசிக்கேன்" என்று எறும்பு பிடிக்கப் போனாள். வழியில் ராஜாளி அவளைப் பிடித்துச் சாப்பிட்டுவிட்டார். காட்டுச் சட்டப்படி அதில் குற்றம் எதுவும் இல்லை. ராஜாளி இரங்கல் செய்திகூட அனுப்பினார். அதில் இறந்தது மீன்கொத்தி என்று போட்டிருந்தது.

பேச்சிக்கனி உயிரோடு இருந்தவரை காட்டு வசந்தவிழாவில் வாசிக்க வேண்டும் என்று வருஷம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முறைப்படி கற்றவள் இல்லை என்று விழாக்குழு மறுத்துக்கொண்டே வந்தது. "நீ வாசிக்கியோ இல்லியோ, உன் சத்தம் அந்த மேடையில கேக்கும்" என்று சொரிமுத்து ஒருநாள் வாக்குக் கொடுத்திருந்தார். இந்த வருஷம் விழாக்குழுவில் ஆள் இல்லாமல், தாளத்துக்குப் பொறுப்பு அவர் தலையில் வந்து விழுந்தது. விழாத் தலைவர் ராஜாளி.

சொரிமுத்துவுக்கு ஒலிப்பதிவு வரும், தாளம் வராது. ஆகவே வெளிக்காட்டிலிருந்து ரெடிமேடாக வரும் கல்யாணத் தாளம் ஒன்றை, சுற்றிச் சுற்றி ஓடும் மிடி லூப்பாக வாங்கிக் கணினியில் போட்டார். அந்த மாதிரி லூப்பில் சத்தம் கிடையாது, உத்தரவு மட்டும்தான் இருக்கும். இப்போது கீபோர்டில் முதல் கட்டையை அடி, இப்போது மூன்றாவதை அடி என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகும். எந்தக் கட்டைக்கு எந்தச் சத்தம் என்பதை நாம் டிரம் மேப் என்ற ஒன்றில் சொல்லி வைக்க வேண்டும். உலகம் முழுக்க முதல் கட்டை பெரிய டிரம்முக்கு என்று பேசி முடித்துவிட்டார்கள். அது சொரிமுத்துவுக்குத் தெரியாது. பேச்சிக்கனி கொடுத்த சத்தங்களை, அவள் கொடுத்த வரிசையிலேயே அடுக்கி வைத்திருந்தார். மேப்புக்குப் 'பேச்சி' என்று பெயரும் வைத்திருந்தார்.

லூப்பை ஓடவிட்டார். பெரிய டிரம் விழவேண்டிய இடத்தில் எல்லாம் பேச்சிக்கனி இருமினாள்.

அந்த வழியாகப் போன காகம் நின்று, "என்ன அண்ணாச்சி, வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலியா?" என்று கேட்டது.

"இல்ல. கல்யாணத் தாளம்."

"யாரு கல்யாணம்னு சொல்லுங்க, நான் முகக்கவசம் போட்டுட்டு வாரேன்" என்றது காகம்.

உதவி மையத்தைக் கூப்பிட்டார். ஒரு கிளி எடுத்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது. கணினியை அணைத்துப் போடச் சொன்னது. போட்டார்.

"இப்ப எப்படி இருக்கு சார்?"

"இருமுது."

"பிரச்சினை தீர்ந்ததுக்கு நன்றி சார்" என்று வைத்துவிட்டது.

கடைசியில், விழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்திருந்த வைத்தி என்ற மந்தியிடம் போனார். வைத்தி திரையைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டது.

"அண்ணாச்சி, மொதல் கட்டையில யாராவது இருமலை வப்பாவளா?"

"அவ மொதல்ல இருமுனா. அதான்."

"ஊரே பொது மேப்புல இருக்கு. நீங்க மட்டும் தனி மேப்பு போட்டா லூப்புக்கு எப்படித் தெரியும்? இதைத் தூக்கிப் போடுங்க. எங்கிட்ட கம்பெனி டிரம் சத்தம் இருக்கு, கச்சிதமா உக்காரும்."

"அப்ப இது யாரு சத்தமா இருக்கும்?"

"யாரு சத்தமாவும் இருக்காது. அதுதான் அதுல விசேஷம்" என்றது வைத்தி. "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலன்னா நான் கம்பெனிச் சத்தத்தைப் போட்டுருவேன். தலைவர் கோபக்காரர்."

சொரிமுத்து கூட்டுக்குத் திரும்பி, ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். லூப் எந்தக் கட்டையைத் தேடுகிறதோ அங்கே பொருத்தமான சத்தத்தைக் கொண்டுபோய் வைத்தார். பொந்துப் பலாவை முதல் கட்டைக்கு இறக்கினார். மூங்கிலை நடுவில் வைத்தார். புற்றை அதற்குப் பக்கத்தில். இருமலை அழிக்க மனமில்லை. எந்த லூப்பும் எட்டிப் பார்க்காத கடைசிக் கட்டையில் அதைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

மறுபடி ஓடவிட்டார். சத்தம் எல்லாம் அவளுடையது, தாளமும் பிசகவில்லை. ஆனால் கேட்கக் கேட்க என்னவோ போல் இருந்தது. பேச்சிக்கனி ஒவ்வொரு சுற்று முடிவிலும் துளி தாமதிப்பாள். தலையைத் தூக்கி வானத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் அடுத்த கொத்து கொத்துவாள். இந்த லூப் அப்படித் தாமதிக்கவே இல்லை. அதை வாசித்தவர் யாரோ, அவருக்கு ராஜாளி பயம் இருந்ததில்லை.

இருக்கட்டும், அவள் சத்தம் மேடை ஏறினால் போதும் என்று சேமிக்கப் போனார். பெயர் கேட்டது. 'பேச்சி' என்றே கொடுத்தார். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை அழித்துவிடவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்று அழுத்தி, புதியதை வேறு ஃபோல்டரில் வைத்தார். வேறு பெயர் வைத்திருக்கலாம். அவருக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் விழா. வைத்தி சொரிமுத்துவின் கணினியைத் திறந்து, கண்ணில் முதலில் பட்ட பேச்சியைப் போட்டது. அது பழைய பேச்சி.

காடு முழுக்க ஒலிபெருக்கியில் இருமல் கேட்டது. இருமல், மூங்கில், இருமல், இருமல், புற்று. ஆடத் தயாராக நின்ற மயில் தோகையைப் பாதியில் நிறுத்தியது. ராஜாளி முதல் இருக்கையில் கழுத்தை நிமிர்த்தினார். சொரிமுத்து மேடைக்குப் பின்னால் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கதைகளில் இந்த இடத்தில் குற்றவாளி நடுங்குவார், உண்மையை ஒப்புக்கொள்வார். ராஜாளி கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாருக்கே" என்றார். "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு."

அவர் காலால் தாளம் போட்டார். உடனே எல்லோரும் போட்டார்கள். மயில் தோகையை முழுக்க விரித்தது. முன்வரிசை யானைகள் தாளத்தோடு சேர்ந்து இருமின. பின்வரிசையில் நிஜமாகவே இருமல் வந்த ஒரு கிழ நரிக்குத் தனியாகக் கைதட்டல் கிடைத்தது.

அடுத்த மாதமே விழாக்குழு கூடி, இனி இந்தக் காட்டில் முதல் கட்டை இருமலுக்கு என்று தீர்மானம் போட்டது. லூப் கம்பெனிகளும் ஒத்துக்கொண்டன. இப்போது பெரிய டிரம் வைத்திருப்பவர்கள்தான் வைத்தியிடம் வந்து, தாளம் சேரவில்லையே என்று அழுகிறார்கள். "ஊரே இருமல் மேப்புல இருக்கு, நீங்க மட்டும் தனியா டிரம்மு வச்சா எப்படி?" என்று அது கேட்கிறது.

சொரிமுத்துவுக்குத் தாளச்செம்மல் பட்டம் கொடுத்தார்கள். ராஜாளி தன் நகத்தாலேயே சால்வையை எடுத்துப் போர்த்தினார்.

"இருமுனது யாரு?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரி."

"அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்றார் ராஜாளி.

திருத்திய மேப் இன்னும் அந்த ஃபோல்டரில் கிடக்கிறது. யாரும் கேட்கவில்லை. பேச்சிக்கனி முழுதாக வாசித்தது எதுவும் எங்கும் பதிவில் இல்லை. தனித்தனிக் கொத்துகளும் ஓர் இருமலும் இருக்கின்றன.

நீதி: உங்கள் மேப்பும் ஊர் மேப்பும் ஒத்துவராவிட்டால் எதையும் திருத்த வேண்டாம், முதல் இருக்கையில் இருப்பவருக்குப் பிடித்துவிட்டால் ஊரே தன்னைத் திருத்திக்கொள்ளும். அவர் யாரைச் சாப்பிட்டார் என்பதை மட்டும் நினைவுபடுத்தாதீர்கள், தாளம் கெடும்.