மாப்பிள்ளை சொன்ன விலை

சவாயி தீவு,
வெள்ளிக்கிழமை காலை.

கர்த்தருக்குள் அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை ஃபெரெட்டி அவர்களுக்கு, மாமனார் பெசமினோ எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை அசெனாட்டியும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதலாமா என்பதை இதைப் படித்து முடித்தபின் நீங்களே முடிவுசெய்யுங்கள். எங்கள் மகள் லெயிட்டுவுக்கு இது ஏழாம் மாதம். அவளுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். அது உங்கள் கம்பெனி போன். நாம் பேசுவது கம்பெனிக்குக் கேட்டாலும் கேட்கும். காகிதத்துக்குக் காது கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது மறுமுனையில் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தது நான் இல்லை.

நடந்தது இதுதான். உங்கள் கம்பெனி வேன் போன வாரம் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, புதுப் போன் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது தாலா என்றும், பழைய போன்களுக்கு அடுத்த மாதத்தோடு சிக்னல் நின்றுவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனது. அன்றிலிருந்து ஊர் கொதிக்கிறது. அந்தப் பணத்துக்கு நல்ல தாய்ப்பன்றியே வாங்கலாம், அது குட்டியாவது போடும் என்கிறார்கள். இதே மாதிரிப் போனை ஆக்லாந்தில் பாதி விலைக்கு விற்பதாக அங்கே இருக்கிற சொந்தக்காரர்கள் வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிறார்கள். இதில் என் தப்பும் ஒன்று உண்டு. வேன் வருவதற்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அந்தப் போனுக்கு விலை வைக்கிற இலாகாவில் என் மாப்பிள்ளைதான் பெரிய ஆள் என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவைத்திருந்தேன். இப்போது கடைக்குப் போனால், "வாங்க எழுநூத்தித் தொண்ணூத்தொம்பது, என்ன வேணும்?" என்கிறான் கடைக்காரன்.

திங்கட்கிழமை ஊர்ச் சபை கூடியது. யாரும் அந்தப் போனை வாங்கக்கூடாது, மீறினால் பத்துப் பெட்டி டின் மீன் அபராதம் என்று தலைவர் துயாலா அறிவித்தார். எல்லோரையும்விட உரக்க "ஆமாம்" போட்டவன் நான்தான். அந்த நேரத்தில், என் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிவைத்த அதே போன் என் இடுப்பில் செருகியிருந்தது. சுவரில்லாத சபை வீட்டில் தூணுக்கு ஒருவராகக் குடும்பத் தலைவர்கள் உட்கார்ந்திருக்க, கூரையில் பல்லி ஓடினால்கூடக் கேட்கும் அந்த அமைதியில், மாப்பிள்ளை, அது உங்கள் கம்பெனி விளம்பரப் பாட்டைப் பாட ஆரம்பித்தது.

"யாரு இடுப்புய்யா பாடுது?" என்றார் துயாலா.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் அதைப் பிடுங்கித் தலைவர் கையில் கொடுத்துவிட்டார். அவர் எதையோ அமுக்கினார். ஸ்பீக்கரில் உங்கள் குரல்.

"மாமா, ஊர்ல ரொம்ப சத்தமாமே? நான் நானூத்தம்பதுன்னுதான் எழுதிக் குடுத்தேன் மாமா. மேல இருக்கறவங்க காதுலயே வாங்கல. இந்த விலை அநியாயம்னு எனக்கே தெரியும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, என் வேலையே போயிடும்."

"ம்" என்றார் துயாலா.

"என்ன மாமா, குரல் கட்டியிருக்கு? சளியா?"

"ம்."

"அத்தைய வெந்நீர் போட்டுத் தரச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டீர்கள். முப்பத்திரண்டு பேர் கேட்டார்கள். பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் உங்கள் வேலை என் இடுப்பிலிருந்து விழுந்து நடு வீட்டில் கிடக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டேன். துயாலா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "உண்மைய சொன்ன பையன். இது இந்தத் தூணுங்கள தாண்டப்படாது. தாண்டிச்சுன்னா இருவது பெட்டி" என்றார். என் அபராதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. போனை மட்டும் அவரே வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு இரண்டு நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் துக்க வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரி ஆளாளுக்குச் சேப்பங்கிழங்கும் மீனும் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். நேற்று வியாழக்கிழமைதான் வினை வந்தது. தலைநகர் ஆப்பியாவிலிருந்து உங்கள் மேலதிகாரி ஃபுவாட்டினோ அம்மையாரே படகேறி வந்துவிட்டார். பெண்கள் சங்கக் கூடத்தில் ஊரைக் கூட்டி நேராகக் கேட்டார்: "ஒரு வாரமா ஒரு போன்கூட விக்கல. விலை ஜாஸ்தின்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

முப்பத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்காதீர்களடா என்று கத்தவேண்டும்போல் இருந்தது. அப்போது உங்கள் அத்தை எழுந்தாள். "யாரும் சொல்லணுமா? முப்பது வருஷமா சந்தையில கிழங்கு விக்கிறேன். எடுத்துப் பாத்து, தடவிப் பாத்து, கீழ வெச்சுட்டுப் போனான்னா பொருள்ல குறையில்ல, விலையில குறை. உங்க போன இந்த ஊரே தடவிப் பாத்தாச்சும்மா."

அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் மூச்சு வந்தது. அதோடு விட்டிருக்கலாம். "சரி, என்ன விலைன்னா வாங்குவீங்க?" என்றார்.

"நானூத்தம்பது!" என்றது கூடம், ஒரே குரலில்.

அம்மையார் பேனாவை நிறுத்தினார். "அதெப்படி எல்லாரும் ஒரே நம்பர்? எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் இதேதான் எழுதியிருந்தார்."

வியர்வை என் முதுகில் இறங்குவது எனக்கே கேட்டது. துயாலா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஜெபம் பண்ணினோம்" என்றார்.

அம்மையார் அவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். விலையையா, உங்கள் பெயரையா, தெரியவில்லை. ஆகவே மாப்பிள்ளை, ஆபீசில் யார் கேட்டாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பதே குறைவு என்று அடித்துச் சொல்லுங்கள். நானூற்று ஐம்பது என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு எரித்துவிடுங்கள். இது உங்கள் கண்ணைத் தவிர வேறு கண்ணில் படக்கூடாது.

கர்த்தர் உங்கள் வேலையையும், லெயிட்டுவையும், வரப்போகிற பிள்ளையையும், முடிந்தால் உங்கள் மாமனாரின் வாயையும் காப்பாராக.

என்றும் உங்கள் நலம் நாடும்,
பெசமினோ

பின்குறிப்பு: தபால் நிலையம் திங்கட்கிழமைதான் திறக்குமாம். அதுவரை பொறுக்க முடியாது. நல்லவேளையாக ஃபுவாட்டினோ அம்மையார் இன்று காலைப் படகில் திரும்புகிறார். உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் உறை இல்லாததால் இரண்டாக மடித்துத்தான் தருகிறேன். மிகவும் கண்ணியமான பெண்மணி. நான் எழுதி முடிக்கும்வரை அவசரப்படுத்தாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குங்க, கண்ணாடி போடாமலே படிக்க முடியுது" என்று மட்டும் சொன்னார்.