முன் டயருக்கு அடித்த காற்று

சாவியைத் திருப்பியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. லாடம் மாதிரி ஒரு படம், அதன் நடுவில் ஓர் ஆச்சரியக்குறி.

"அடேங்கப்பா!" என்றார் பேக்கரிக்காரர். அதற்குள் கார் அவரை முந்திக்கொண்டு ஆச்சரியப்பட்டுவிட்டது.

பக்கத்துத் திரையில் காரின் படமும் நான்கு சக்கரங்களின் காற்றழுத்தமும் தெரிந்தன. மூன்று இடங்களில் முப்பத்துமூன்று. இடது முன் சக்கரத்தில் மட்டும் இருபத்துநான்கு. டயருக்குள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி இருட்டில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே காற்று எவ்வளவு என்று கம்பியே இல்லாமல் சொல்லி அனுப்புகிறது! வண்டி வாங்கி ஒரு வருஷமாகியும் இதை நினைத்தால் அவருக்கு மெய்சிலிர்க்கும். அவர் அப்படிப்பட்ட ஆள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரொட்டி சுடுகிறார், இன்றைக்கும் மாவு உப்புவதைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்.

வேறொரு நாளாக இருந்தால், எரிந்தால் எரியட்டும் என்று கிளம்பியிருப்பார். இன்று மனசு வரவில்லை. மருத்துவமனையிலிருந்து மனைவியையும் இரட்டைப் பெண் குழந்தைகளையும் அழைத்து வர வேண்டிய நாள். பின் சீட்டில் இரண்டு குட்டி இருக்கைகளைப் பொருத்தி, அவற்றில் இரண்டு பெரிய ரொட்டிகளை உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, நேற்றே தெருவை ஒரு சுற்றுச் சுற்றி ஒத்திகை பார்த்திருந்தார். ரொட்டிகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. குழந்தைகள் ஏறும்போது மட்டும் விளக்கு எரியலாமா?

போன் அடித்தது. மனைவிதான்.

"என்னங்க, கிளம்பியாச்சா?"

"இதோ கிளம்பறேன். ஒரு டயர்ல காத்து கொஞ்சம் கம்மி. பசங்க எப்படி இருக்காங்க?"

"சின்னவளுக்குத்தான் எடையே ஏற மாட்டேங்குதுங்க. ஒவ்வொரு வேளையும் அவளுக்கு மட்டும் கூடுதலா ஒரு பாட்டில் பால் குடுக்கறேன். சமர்த்தா குடிச்சுடறா. சாயங்காலம் எடை பாப்பாங்களாம். இவ்வளவு குடிச்சும் ஏறலைன்னா உள்ள ஏதாவது கோளாறா இருக்கும், டெஸ்ட் எடுக்கணும், வீட்டுக்கு அனுப்ப முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்." அவள் குரல் உடைந்தது.

அந்தச் சின்ன முகம் பேக்கரிக்காரரின் கண்ணுக்குள் வந்து நின்றது. அது சின்னவள் முகம்தானா என்பது வேறு விஷயம். இரண்டும் ஒரே அச்சு. நேற்று ஒரு தொட்டிலுக்கு முன்னால் நின்று "பெரியவளே" என்று அவர் கொஞ்சியபோது, "அது சின்னவ. ஜன்னல் பக்கம் சின்னவ, கதவுப் பக்கம் பெரியவ. பெத்த அப்பாவுக்கு இதுகூடவா தெரியாது?" என்று மனைவி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

"ஏறிடும்மா, கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். குழந்தையின் எடைக்கு அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. டயரையாவது சரி செய்துவிட வேண்டும் என்று வைராக்கியமாக மிதி பம்பை எடுத்துக்கொண்டு வந்தார். அழுத்தம் காட்டும் முள் அதில் எப்போதோ ஒடிந்துபோயிருந்தது. அதனால் என்ன, காரே சொல்கிறதே!

எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாசலுக்கு வந்தார். தெருவில் யார் எதைப் பிரித்தாலும் பக்கத்தில் நிற்பவர்.

"அண்ணே, ஒரு உதவி. உள்ள உக்காந்து, நான் அடிக்க அடிக்க நம்பரைப் படிச்சுச் சொல்லுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் ஓட்டுநர் இருக்கையில் சம்மணம் போட்டு உட்காராத குறையாக உட்கார்ந்தார். பேக்கரிக்காரர் இடது முன் டயரில் குழாயை மாட்டி மிதித்தார். முழங்கால் வலிக்கும் வரை மிதித்தார்.

"எவ்வளவு?"

"இருபத்திநாலு."

இன்னும் மிதித்தார். "இப்ப?"

"அதே இருபத்திநாலுதான். ஆனா தம்பி... பின்னாடி ஏறுது!"

"எங்க?"

"இடது பின் டயர். முப்பத்தெட்டு... நாப்பது..."

பேக்கரிக்காரர் காலை எடுத்தார். நம்பர் நின்றது. மிதித்தார். பின் டயரின் நம்பர் ஏறியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முன்னாடி அடிக்கற காத்து பின்னாடி போகுதாண்ணே?"

"உள்ள குழாய் போட்டிருப்பான். புது வண்டியாச்சே!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர் பயபக்தியோடு.

பேக்கரிக்காரர் தரையில் படுத்து காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார். குழாய் எதுவும் தென்படவில்லை. தென்படாததால் அதன் மேல் மரியாதை கூடியது. என்ன மூளை, என்ன மூளை என்று தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார்.

"அப்படின்னா பின்னாடி அதிகமா இருக்கறதைக் கொஞ்சம் இறக்கி விடுங்க தம்பி. சமமா ஆயிடும்."

நியாயமாகத்தான் பட்டது. பின் டயரின் வால்வை வீட்டுச் சாவியின் முனையால் அழுத்தினார். புஸ்ஸென்று காற்று வந்தது.

"ஐயையோ, முன்னாடி இறங்குது! இருபது... பதினெட்டு..."

"பின்னாடி?"

"அது அப்படியே நாப்பதுல நிக்குது!"

கார் கீச்சென்று கத்தியது. பதறிப்போன பேக்கரிக்காரர் ஓடிப்போய் மறுபடியும் முன் டயருக்கு அடித்தார். பின்பக்கம் நாற்பத்தாறு ஆயிற்று. மஞ்சள் விளக்கு சிவப்பாக மாறியது. திரையில் "உடனே நிறுத்தவும்" என்று எழுத்து வந்தது. நின்றுகொண்டிருக்கும் வண்டியை இதற்கு மேல் எப்படி நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பேக்கரிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பின் டயரைப் பார்த்தார். பாதியில் அடுப்பை விட்டு எடுத்த பன் மாதிரி அமுங்கிக் கிடந்தது.

"அண்ணே, பின் டயர் சப்பையா இருக்கற மாதிரி இல்ல?"

கண்ணாடிக்கடைக்காரர் திரையைப் பார்த்தார். "நாப்பத்தாறுன்னு போட்டிருக்கு. சப்பையா எப்படி இருக்கும்?"

"எனக்குச் சப்பையாத் தெரியுதே!"

"கண் டெஸ்ட் பண்ணி எவ்வளவு நாளாச்சு தம்பி?"

பேக்கரிக்காரர் தடுமாறினார். அடுப்பில் ரொட்டி சிவந்துவிட்டதாகக் கண் சொல்லும், ஆகவில்லை என்று அடுப்பின் சூடு காட்டும் முள் சொல்லும். முள்ளை நம்பித்தான் இத்தனை வருஷம் தொழில் செய்திருக்கிறார். அதனால் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். கண்ணாடிக்கடைக்காரர் இறங்கி வந்து அவரது ஒரு கண்ணைப் பொத்தி, தெருக்கோடியில் நின்ற வேனின் நம்பரைப் படிக்கச் சொன்னார். படித்தார். மறு கண்ணையும் பொத்திப் பார்த்தாயிற்று. இரண்டும் பிரமாதமாக இருந்தன. டயரும் சப்பையாகவே இருந்தது.

போன் அடித்தது.

"இன்னும் என்னங்க பண்றீங்க?"

"நீ நம்ப மாட்டே. இந்தக் காருக்குள்ள அதிசயம் ஒண்ணு நடக்குது" என்று ஆரம்பித்து, குழாய் உட்பட எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மறுமுனையில் சிரிப்பு கேட்டது.

"ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது. குழாயும் இல்லை, ஒண்ணும் இல்லை. போன மாசம் நான் சர்வீஸுக்கு விட்டப்போ முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும் மாத்திப் போட்டாங்க. ஒரே மாதிரி தேயணும்னு. இடம் மாறினதைக் காருக்குப் பதிஞ்சு குடுக்க இன்னொரு நாள் கொண்டு வாங்கன்னாங்க. அதுக்குள்ள எனக்கு வலி வந்துடுச்சு."

"அப்போ..."

"அப்போ என்ன அப்போ? அந்த டயர் இன்னும் முன்னாடியே இருக்கறதா கார் நினைச்சுக்கிட்டு இருக்கு. காத்து கம்மின்னு அது சொன்னது இப்ப பின்னாடி இருக்கற டயரை. நீங்க நல்லா இருந்ததுக்கு அடிச்சு ஊத வெச்சுட்டு, பாவம், பட்டினி கிடந்ததுகிட்டேர்ந்து பிடுங்கியிருக்கீங்க. இருக்கற இடத்தை வெச்சா ஆளை அடையாளம் கண்டுபிடிக்கறது? கண்ணைத் தொறந்து டயரைப் பாக்க வேணாமா?"

பேக்கரிக்காரர் சப்பை டயருக்கு அடித்தார், ஊதிய டயரிலிருந்து இறக்கினார். முப்பத்துமூன்று, முப்பத்துமூன்று. ஆச்சரியக்குறி அணைந்தது. குழாய் இல்லை என்றானதில் கண்ணாடிக்கடைக்காரருக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று. கட்டிலில் படுத்தபடியே காரைச் சரிசெய்துவிட்டாளே என்று மனைவியை நினைத்து வழியெல்லாம் வியந்துகொண்டு போனார் பேக்கரிக்காரர்.

அறைக்குள் நுழைந்தபோது நர்ஸ் எடை பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பக்கத்தில் நின்றார். ஆயா கட்டிலுக்கு அடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் துணியை விலக்கி, குழந்தையின் காலில் கட்டியிருந்த பட்டையைப் படித்துவிட்டுத் தராசில் வைத்தார்.

"இது பெரியவ. அம்மாடி, என்னமா ஏறியிருக்கா!"

அடுத்த குழந்தையின் பட்டையைப் படித்தார். தராசைப் பார்த்தார். ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

"சின்னவ அப்படியேதான் இருக்கா டாக்டர்."

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இவ்வளவு பால் குடிச்சும் ஏறலைன்னா விட முடியாது. டெஸ்டெல்லாம் எடுத்துடலாம்."

மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "அத்தனை பாட்டிலும் எங்கதாங்க போச்சு? ஜன்னல் பக்கத்துலேர்ந்து இவளைத் தூக்கித் தூக்கி நானேதானே குடுத்தேன்!"

பேக்கரிக்காரர் கார் சாவியைப் பிடித்தபடி நின்றார். தராசில் கிடந்தவள் அவரது சுண்டு விரலைப் பற்றிக்கொண்டாள். எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லாத கைக்குள் அவ்வளவு பிடிப்பு. இதற்குள் கோளாறா? அவருக்கு நம்ப முடியவில்லை.

அழுகைச் சத்தம் கேட்டு, ஆயா கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"சின்னவளா? அன்னிக்கு ஜன்னலோரம் தரை துடைக்கறப்ப ரெண்டு தொட்டிலையும் இடம் மாத்தித் தள்ளினவ நான்தானேம்மா, அன்னியிலேர்ந்து ஜன்னல் பக்கம் இருக்கறது பெரியவளாச்சே!"