ஆட்காட்டிக்குளம் ஒல்லாந்தை வென்ற வரலாறு

உலக சரித்திரத்தில் தன் ஏரியை வற்றவைத்து முன்னேறிய கிராமங்கள் இரண்டே இரண்டு. ஒன்று ஒல்லாந்தில் இருக்கிறது. மற்றது வன்னியில், ஒட்டுசுட்டானிலிருந்து ஏழு மைல் தள்ளி, ஆட்காட்டிக்குளம். இது அரசாங்கத்தின் தீர்ப்பு. முத்திரை குத்தியிருக்கிறது. ஆகவே உண்மை.

இந்தப் பெருமை தன் ஊருக்கு வந்துகொண்டிருப்பது கச்சு முகம்மதுவுக்கு நாலு வருடமாகத் தெரியவில்லை. ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் குளக்கட்டு முப்பது முழ அகலத்துக்கு உடைந்தது. அதன்பிறகு பெய்த மழையெல்லாம் அந்த வழியாகக் காட்டுக்குள் போனது. கட்டின் கீழே அவருடைய மூன்று ஏக்கர் வயல் வெடித்துக் கிடந்தது. அவர் கிராம முன்னேற்றச் சங்கத்தின் தலைவர். முன்னேற்றம் என்றால் உடைப்பை அடைப்பது என்றே அவர் நினைத்திருந்தார். படிப்பு அவ்வளவுதான்.

அடைக்க மண் இருந்தது, ஆளும் இருந்தது. ஆனால் குளம் அரசாங்கத்துடையது. குளக்கட்டில் ஒரு கூடை மண் போட்டாலும் வழக்கு. எனவே மனு எழுதினார்கள். அரசாங்க அலுவலகமான நீர்நிலை முன்னேற்றக் கந்தோர் ஒரு மனுவுக்கும் பதில் எழுதாமல் விட்டதில்லை. "தங்கள் மனு எமது கவனத்தில் உண்டு." கவனம் மிக ஆழமான இடம். அதற்குள் இறங்கிய பதினேழு மனுக்களில் ஒன்றும் கரையேறவில்லை.

அறுபத்தொன்றாம் ஆண்டு ஆடி மாதம், தண்ணீரூற்று ஊரில் அண்ணன் வீடு உள்ள அவருடைய மனைவி ஆசியா உம்மா ஒரு முடிவு சொன்னார்.

"இந்த மாரிக் காலபோகமும் வயல் விதைக்காட்டி, நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு தண்ணீரூற்றுக்குக் காக்கா வீட்டை போயிடுவன்."

"கந்தோரிலை கவனிக்கினமாம்."

"அவை கவனிக்கட்டும். நான் உலை வைக்கோணும்."

பதினெட்டாவது மனு போனது. இம்முறை கடிதம் வரவில்லை. பொதி வந்தது. உத்தரவுதான் இவ்வளவு கனமாக இருக்கும் என்று கச்சு முகம்மது அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். சங்கத்தின் காரியதரிசி யோகலிங்கம் பிரித்தார். உள்ளே ஒரு புத்தகம்: "ஒல்லாந்து தேசத்து ஏரிக்கரைக் கிராமம் ஒன்றின் சரித்திரம்." எழுதியவர், கந்தோரின் அதிகாரி கதிர்காமநாதன். வன்னியில் தண்ணீர் நிற்காத குறையைத் தீர்ப்பதற்காக, தண்ணீர் போகாத தேசமொன்றுக்கு மூன்று மாதம் படிக்க அனுப்பப்பட்டவர்.

சங்கம் கூடியது. யோகலிங்கம் உரத்து வாசித்தார். அந்தக் கிராமத்தின் பெயரை மூன்று தரம் முயன்றுவிட்டு, "சரி, அந்த ஊர்" என்று மேலே போனார். ஏரி அந்த ஊரை வருடாவருடம் விழுங்கிக்கொண்டு வந்தது. ஊரார் இருபத்தாறு காற்றாலைகளை நட்டு, நாற்பது வருடம் தண்ணீரை இறைத்தார்கள். ஏரி வற்றியது. அதன் அடியில் மாடு மேய்ந்தது. மக்கள் முன்னேறினார்கள்.

"இறைச்ச தண்ணியை என்ன செய்தவங்களாம்?" பாத்தும்மா கேட்டார். அவருடைய வயல் கச்சு முகம்மதுவின் வயலுக்கு அடுத்தது.

"கடலுக்கு விட்டவங்களாம் அக்கா."

"நல்ல தண்ணியையோ?"

"ஓம்."

யோகலிங்கம் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"நாற்பது வருசமோ?" என்றார் வீரகத்தி. ஊரில் வயல் செய்யும் கமக்காரரில் அவர்தான் மூத்தவர். "இடையிலை புத்தி சொல்ல ஒருத்தனும் இல்லாமல் போனானே."

புத்தகத்தோடு ஒரு வினாக்கொத்து வந்திருந்தது. கச்சு முகம்மது நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர்களை ஒருவர் கேள்வி கேட்பது இதுதான் முதல் தரம்.

"உள்ளதை எழுது தம்பி. உள்ளதைக் கேட்டால் கல்லும் கரையும்."

உள்ளதை எழுதினார்கள். குளத்தில் நீரின் ஆழம்? இல்லை. குளத்தின் அடியில் மேயும் மாடுகள்? அறுபது. அடியில் பயிர் உண்டா? பாத்தும்மா எள்ளு விதைத்திருக்கிறார். மீன்? முள் மட்டும். நீர் வெளியேற எடுத்த காலம்? ஒரே நாள்.

இதைவிட உருக்கமான மனு வன்னியில் எழுதப்பட்டதில்லை.

கந்தோர் உருகியது. புரட்டாதியில் ஜீப் வந்தது. கதிர்காமநாதன் சப்பாத்துக் காலோடு குளத்தின் நடுவுக்கு நடந்தார். காய்ந்த சேற்றில் ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தார். கண் கலங்கியது.

"அவங்கள் நாற்பது வருசம் பட்ட பாடு! நீங்கள் ஒரே நாளிலை! ஒரு காத்தாலைகூட இல்லாமல்!"

கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரம் ஒன்றைக் கொடுத்தார். "நீர் வெளியேற்றத்தில் முதலாம் இடம்." கச்சு முகம்மது இரண்டு கையாலும் வாங்கி, திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். கட்டு வேலைக்கான உத்தரவு அங்கும் இல்லை.

"ஐயா, உடைப்பு?"

"அதுதானே உங்கட சாதனை!"

"அதை அடைச்சுத் தரோணும் ஐயா."

"அடைச்சால் தண்ணி நிண்டிடுமே!"

"ஓம் ஐயா. அதுக்குத்தான்."

அதிகாரி அவரை இரக்கத்தோடு பார்த்தார். முன்னேறியவர்களுக்கும் இடைக்கிடை பழைய புத்தி வரும். அதற்கு இடம் கொடுக்கக்கூடாதென்று, போகுமுன் உடைப்பின் இரு பக்கமும் பலகை நடுவித்தார்: "பாதுகாக்கப்பட்ட உடைப்பு."

ஆசியா உம்மா பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இதை அவிக்கிறதோ, பொரிக்கிறதோ?"

பிறகு பெட்டியை இறக்கி, பிள்ளைகளின் உடுப்பை அடுக்கத் தொடங்கினார்.

விடிந்ததும் கச்சு முகம்மது மண்வெட்டியோடு உடைப்புக்குப் போனார். யாரையும் கூப்பிடவில்லை. வழக்கு வந்தால் தன்னோடு போகட்டும் என்று நினைத்தார். சற்றுக் கழித்து வீரகத்தி வந்தார். பாத்தும்மா எள்ளை முற்றுமுன்பே பிடுங்கி எறிந்துவிட்டுக் கூடையோடு வந்தார். யோகலிங்கம் வண்டியில் பாலை மரக்குற்றி ஏற்றி வந்தார். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அங்கே நின்றது.

"நானா, இந்தப் பலகையளை என்ன செய்யிறது?" யோகலிங்கம் கச்சு முகம்மதுவிடம் கேட்டார்.

"நல்ல பலகை தம்பி. உள்ளுக்கு வைச்சு மண்ணைப் போடு."

ஒன்பது நாள் எடுத்தது. ஐப்பசி மழை விழுந்தது. தண்ணீர் வந்தது, கட்டைத் தொட்டது, நின்றது. ஆசியா உம்மா பெட்டியை அவிழ்த்தார். விதைநெல்லை ஊறப்போட்டார்.

கார்த்திகையில் கந்தோருக்கு வரச்சொல்லிக் கட்டளை வந்தது. குற்றம்: "மீட்கப்பட்ட நிலத்தை நீரில் அமிழ்த்தியமை." கச்சு முகம்மது காலை எட்டு மணிக்குப் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

"பரிசைத் திருப்பித் தரோணும்," என்றார் கதிர்காமநாதன்.

"கொண்டு வந்திருக்கிறன் ஐயா."

"வழக்கும் வரும்."

"வரட்டும் ஐயா. நெல்லு முளைச்சிட்டுது."

அதிகாரி பெருமூச்சு விட்டார். பேனையை எடுத்தார்.

"மேலிடத்துக்கு அறிக்கை எழுதோணும். ஒண்டுதான் எனக்கு இன்னும் விளங்கேல்லை. நாலு மாரி பெய்ததே. ஒரு சொட்டும் நிக்கவிடாமல் வெளியேத்தின இயந்திரம் எது?"

கச்சு முகம்மது சுற்றிப் பார்த்தார். கூரை வரைக்கும் கோப்புகள். அலுமாரிக்கு மேலே, நூலால் இறுக்கிக் கட்டி, தூசு படிந்து, அவருடைய பதினெட்டு மனுக்கள்.

"இந்தக் கந்தோர்தான் ஐயா."

அதிகாரி அப்படியே எழுதினார். எழுதியதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"கந்தோர் எண்டதே ஒல்லாந்துச் சொல்லுத்தான், தெரியுமோ? அவங்கள் இஞ்சை ஆண்டு முடிச்சுப் போகேக்கை எங்களுக்கு விட்டிட்டுப் போனது."

"மறந்துபோய் விட்டிட்டுப் போயிருப்பாங்கள், ஐயா," என்றார் கச்சு முகம்மது. "பாவம், இவ்வளவு காலமும் தேடிக்கொண்டிருப்பாங்கள். ஒரு கடிதம் போடுங்கோ, வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்."