கட்டணத்தை ஏற்றினேன், கூட்டமும் ஏறியது

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்கள் நிதானமாக உட்கார்ந்து இதைப் படிக்கவும். நெஞ்சு தாங்க வேண்டிய செய்தி. உங்கள் தங்கை மகள் முனைவர் ஆகிவிட்டாள். "பொருளாதாரம் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்று கேட்டீர்களே, அதே பெண்தான்.

பொருளாதார விதி என்றால் என்ன என்பதுதான் அவள் ஆய்வு. என் சலூனில்தான் பேசிப் பழகினாள். கழுத்தில் துணி கட்டிய பிறகு யார் எழுந்து ஓட முடியும்? ஒரு சாரார், விதி என்பது கல் கீழே விழுவது மாதிரி, எங்கேயும் எப்போதும் ஒன்றுதான் என்கிறார்களாம். இன்னொரு சாரார், அதெல்லாம் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறும், வரலாற்றைப் பார் என்கிறார்களாம். வேறு சிலர், இந்த முதலாளி தொழிலாளி ஏற்பாடு இருக்கும் வரைதான் இந்த விதியும் என்கிறார்களாம். மற்றும் சிலரோ, மனிதன் யோசித்துத் தேர்ந்தெடுக்கிறவன் என்பதிலிருந்தே விதியைக் கண்டுபிடித்துவிடலாம், கடைத்தெருவில் போய்ச் சோதிக்கவே வேண்டாம் என்கிறார்களாம். நான் சோதித்தேன் மச்சான்! "விலை ஏறினா வாங்குறவங்க குறைவாங்கப்பா, மத்ததெல்லாம் மாறாம இருந்தா" என்றாள். வாலில் தொங்கிய மூன்று வார்த்தையைத் தள்ளிவிட்டு, மறுநாளே முடிவெட்டும் கட்டணத்தை ஏற்றினேன். கூட்டம் வாசல் வரை நின்றது! பக்கத்துத் தெரு சலூன்காரனின் வாடிக்கைக்காரர்களே வந்து உட்கார்ந்தார்கள். அவன் பேச்சையே என் கடையில் எடுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியுமே, அவர்களும் எடுக்கவில்லை. என் கைராசிக்கு முன்னால் எந்த விதி நிற்கும்?

"என் கடையையும் ஆய்வேட்டுல போடும்மா" என்றேன். போட்டாள். நேற்று வாய்மொழித் தேர்வு. "நாலு பேர்ல யார் சொல்றதுதான் சரி?" என்று ஒரு பேராசிரியர் மடக்கினார். நானும் அங்கே முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் அசராமல், "எந்த விதியா இருந்தாலும், அது எந்த நிபந்தனையில நிக்குதுன்னு முதல்ல பாக்கணும் சார்" என்றாள். அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார், என்னைப் பார்த்தார், சிரித்தார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். பெருமையில் கண் கலங்கிவிட்டது மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். அடுத்த முறை முடி வெட்டிக்கொள்ள இங்கேயே வாருங்கள். புதுக் கட்டணம்தான், உறவுக்குச் சலுகை கிடையாது.

இப்படிக்கு,
முனைவரின் அப்பா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஒரு விஷயம். இன்று காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சலூன்காரன் ஒரு வருடமாகக் கடையை மூடி இடித்துக் கட்டிக்கொண்டிருந்தானாம், இன்று திறந்துவிட்டானாம். பதறிப்போய் மகளிடம் ஓடினேன். "எனக்கு அப்பவே தெரியும்பா" என்று பேராசிரியர் புரட்டிய பக்கத்தைக் காட்டினாள். அடியில் பொடி எழுத்தில்: 'பக்கத்துத் தெருக் கடை மூடப்பட்டதே கூட்டத்துக்குக் காரணம். கட்டணத்தை ஏற்றிய கடைக்காரருக்கு இது இன்னும் தெரியாது.' என்னையே கவிழ்த்துவிட்டாள், என் மகள்! பழைய கட்டணமே போதும், சீக்கிரம் வாருங்கள்.