பூசானில் முடிவெட்டிக்கொண்டவர்

உலகத்தில் பாதித் துறைமுகங்களில் இறங்கியும் ஒரு ஊரைக்கூடப் பார்க்காத மனிதர், நாங்கள் பூசான்காரர் என்று கூப்பிடும் எங்கள் ஊர்க்காரர் ஒருவராகத்தான் இருப்பார். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. கரைக்குப் போக நாலு மணி நேரம் கிடைத்தால் மற்றவர்கள் கடைத்தெருவுக்கு ஓடுவார்கள். இவர் நேராக சலூனுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்.

எனக்கென்ன வந்தது என்கிறீர்களா? திருச்சி எடமலைப்பட்டி புதூரில் சலூன் வைத்திருப்பவர் என் அப்பா. லீவில் வந்தால் இவர் உட்காருவது எங்கள் நாற்காலியில்.

"அண்ணே, கொரியாவுல, பூசான்ல, காதுக்குப் பின்னாடி சுடுதுண்டு வைப்பாங்க. நீங்க பச்சத்தண்ணிய அடிக்கிறீங்க."

"வச்சிட்டாப் போச்சு தம்பி" என்பார் அப்பா.

"தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல ஒருத்தன் கழுத்த ஒரு திருப்பு திருப்புனான் பாருங்க, மூணு வருஷத்து வலி போயிருச்சு!"

எனக்கும் அந்தக் கழுத்தைத் திருப்பக் கை பரபரக்கும். பெஞ்சில் காத்திருப்பவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். கேட்டுவிட்டு எதிரே திறந்த ஏ.சி. சலூனுக்குப் போய்விடுவார்கள். ஒரே மாதத்தில் பெஞ்சு காலி. முப்பது வருடம் நின்றே வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்த அப்பா, பட்டப்பகலில் உட்கார்ந்து கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மரியாதை தெரிந்த பையன் என்று பெயர். அந்தப் பெயர் ஒருநாள் போயிற்று.

"அவ்வளவு நல்லா இருந்தா பூசான்லயே வெட்டிக்குங்க! இந்தப் படி ஏறாதீங்க!"

பாதி வெட்டிய தலையோடு எழுந்து போனார்.

"அரைத்தலையோட அனுப்பிட்டியேடா" என்ற அப்பா, அப்புறம் என்னிடம் பேசவே இல்லை.

மூன்றாம் நாள், இவரோடு கப்பலில் இருக்கும் தூத்துக்குடிக்காரர் ஒருவர் இவரைப் பார்க்க ஊருக்கு வந்தார்; அப்படியே எங்கள் கடையையும் தேடி வந்து அப்பாவைக் கும்பிட்டார்.

"நீங்கதானா அண்ணாச்சி? உங்களால பூசான்ல எங்களுக்கு அடி விழப் பாத்துச்சு!"

நம்மவர் பூசான் சலூனில் உட்கார்ந்துகொண்டு, 'எங்க அண்ணன் வெட்டுனா கத்தரி பட்டதே தெரியாது, நீ என்னய்யா புல்லு அறுக்குற?' என்று கையாலேயே நடித்துக் காட்டினாராம். அந்த ஆள் சீப்பை வீசித் துரத்தினானாம். டர்பனிலும் இதே கதையாம். கப்பலில் இவருக்குப் பெயரே 'திருச்சி சலூன்'தானாம்.

எனக்கு முன்னைவிடக் கோபம் வந்தது. அவர் வீட்டுக்கே போனேன். வேறு கடைக்குப் போகாமல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊரெல்லாம் சொன்னீங்களே, அதை இங்க வந்து சொல்லித் தொலைச்சா என்ன?"

"அண்ணன் மூஞ்சிக்கு நேரா எப்படிப்பா? கூச்சமா இருக்குல்ல?"

கை பிடித்து இழுத்துவந்தேன். மீதி அரைத்தலைக்கு அப்பா அன்று ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். காதுக்குப் பின்னால் சுடுதுண்டும் வைத்தார். நானும் அவசரப்படுத்தவில்லை.